படகு பதினாலாம் தேதி

பதினொரு பேரும் ஒரே மாதிரி தொடங்கியிருந்தார்கள்:
'நலம். நலமறிய ஆவல்.'
பதினொரு தாளையும் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் மாதம். போர்வெனீரில் காற்று
பள்ளிக் கொடிக்கம்பத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஐந்தாம் வகுப்பின் ஜன்னல் இடுக்குகளில்
செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தோம்.

ஓயர்சூனுக்கு எழுதுகிறீர்கள் என்று நினைவுபடுத்தினேன்.
கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கிறார்.
கடற்படைப் படகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகும்,
அதுவும் கடல் சம்மதித்தால்.
இன்று நீங்கள் விசாரிக்கிற நலம்
அவர் கையில் சேர்வதற்குள் ஊசிப்போயிருக்கும்.
அதுவரை கெடாத எதையாவது எழுதுங்கள்.

"கருவாடு மாதிரியா, டீச்சர்?" என்றான் யெர்கோ,
நண்டுப் படகுக்காரர் மகன்.
ஆமாம். அதே மாதிரி.

கரும்பலகையில் எழுதிப்போட்டேன்:
'மிகவும்' வேண்டாம்.
'அழகு' என்றால் எது என்று சொல்.
ஒரு கேள்வியாவது கேள்.
வானிலை பற்றி ஒரு வரியும் கூடாது,
அதை நமக்கு அனுப்புவதே அவர்தான்.

டானிட்சா பலகையைப் பார்க்கவே இல்லை.
இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள்:
"அம்மா புது ஷூ வாங்கியிருக்கிறாள்.
நடந்தால் கீச் கீச்சென்கிறது.
விளக்கணைத்த பிறகும் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று
படுத்தபடியே சொல்லிவிடுவேன்."
அவ்வளவுதான்.
கேள்வி இல்லை. வணக்கம் இல்லை. பெயரும் போடவில்லை.
ஏழுக்கு நாலு கொடுத்தேன்.

பதில் மே மாதம் வந்தது,
எல்லோருக்கும் சேர்த்து ஒரே தாள், ஒரு மூலை நனைந்து.
யெர்கோ அப்பாவின் பெரிய நண்டுக்குப் பாராட்டு.
ஒன்பது பேருக்கு, பெயர் பெயராக, நன்றி.
கடைசியில், பெயர் எழுதாத ஒருவருக்கு:
"அந்த ஷூ இன்னும் கீச்சிடுகிறதா?
இங்கே தொண்ணூற்றாறு படி.
என் பூட்ஸுக்குச் சத்தமே கிடையாது.
நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று
யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அதனால் பரவாயில்லை."

டானிட்சா எழுந்து வந்து தாள் கேட்டாள்.

"இப்போது கீச்சிடுவதில்லை.
ஏப்ரலில் அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான்
அந்தோஃபகாஸ்தாவுக்கு வேலைக்குப் போனாள்.
அங்கே தெருவெல்லாம் மண்ணாம், சத்தம் வராதாம்.
உங்கள் பூட்ஸை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவையுங்கள்.
அப்புறம் அடுப்பை ஒட்டிக் காயவையுங்கள்.
கீச்சென்று வரும்.
அப்பாவின் ஷூவில் செய்து பார்த்துவிட்டேன்."

ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்தினேன்.
பெயர் போடு என்றேன். போட்டாள்.
நிமிர்ந்து பார்த்தால் வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது.
படகு பதினாலாம் தேதி, அவசரமில்லை என்றேன்.
யாரும் கேட்கவில்லை.

மணி அடித்ததும் வாங்கிப் பார்த்தேன்.
யெர்கோவின் ஷூ விசிலடிக்கிறது.
ஒருத்தியின் பாட்டி செருப்பு இருமுகிறது.
லௌதாரோ வீட்டில் பூனைக்கே ஷூ இருக்கிறது.
பத்துத் தாளையும் திருப்பிக் கொடுத்தேன்.