திறக்கும் திசை

தம்பெரே, அக்டோபர். ஏரி இன்னும் உறையவில்லை.
நெஸ்ட்ரோம் வால்வு கம்பெனியிலிருந்து கடிதம்:
ஆயிரத்து நானூறு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள்,
லினோலியத்தில் செதுக்கி, இரண்டே வண்ணத்தில்.
கூலி முந்நூறு மார்க்கா.
கூடவே, என் அறையின் ஒழுகும் ரேடியேட்டருக்கு
இலவசமாய் ஒரு வால்வு.
(மாதிரிப் படங்களை நான் ஈரமாய்க் கொண்டுபோனது
யாருக்கோ நினைவிருந்திருக்கிறது.)

விற்பனை மேலாளர் ரூத்தசாலோ
விரல்விட்டு எண்ணினார்.
தேவதை வேண்டாம், லெனின்கிராடில் நமக்கு வாடிக்கையாளர்கள்.
ஒட்டகம் வேண்டாம், மணல் வால்வுக்கு ஆகாது.
குழந்தை இயேசு... சற்று யோசித்தார்.
"சின்னதாய் இருந்தால்கூட வேண்டாம்."
பனி இருக்கலாம். ஆனால் குளிரக்கூடாது.

ஆலையை வரைந்தேன்.
இரவு, கூரை, புகைபோக்கியிலிருந்து
வெண்பறவையாய் எழும் நீராவி.
எனக்கே பிடித்திருந்தது.
பொறியாளர் கெப்சு கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, மாட்டிக்கொண்டார்:
"ஆவி வெளியே தெரிந்தால்
வால்வு கசிகிறது என்று அர்த்தம்."
பறவையை எடுத்துவிட்டேன்.
வானம் மொட்டையாய்க் கிடந்தது.

நட்சத்திரம் வைக்கலாம் என்றேன்.
எத்தனை முனை என்று கேட்டார்கள்.
ஐந்து என்றால் ஒரு அர்த்தம், ஆறு என்றால் வேறு.
காப்பி இரண்டு முறை வந்து ஆறியது.
காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருந்த
வார்ப்பிரும்புக் கைச்சக்கரத்தைத் தூக்கி
சன்னலில் சாய்த்தேன். ஏழு ஆரம்.
நடு ஓட்டையில் மூன்று மணி அந்தி.
அந்த அறையில் முதல்முறையாக யாரும் பேசவில்லை.
பிறகு கெப்சு, ஏறக்குறைய வெட்கத்தோடு:
"ஒரு அம்புக்குறியும் போடுங்கள்.
இடப்பக்கம் சுற்றினால் திறக்கும்.
கிறிஸ்துமஸ் அல்லவா, திறக்கட்டும்."

மூன்று வாரம் செதுக்கினேன்.
உளி இருமுறை கட்டைவிரலில் ஏறியது.
மேலே ஏழு ஆர நட்சத்திரம்,
கீழே பனியில் ஆலை, ஒரே ஒரு சன்னலில் விளக்கு,
சக்கரத்தின் விளிம்பில் இடப்பக்கம் வளையும் அம்பு,
நகத்தளவு.

அச்சில் எல்லாம் இடம் வலம் மாறும்.
கலைப்பள்ளியில் முதல் நாள் சொல்லித்தருவது அது.
கம்பெனியின் பெயரைக்கூடக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து
எழுத்தெழுத்தாய்த் திருப்பித்தான் செதுக்கினேன்.
அம்பை மறந்துவிட்டேன்.

ஆயிரத்து நானூறும் தபாலில் போன பிறகு
மிஞ்சிய ஒன்றைச் சுவரில் குத்தும்போதுதான் பார்த்தேன்:
என் நட்சத்திரம் நிதானமாய், உறுதியாய்
மூடிக்கொண்டிருந்தது.

ரூத்தசாலோ கவனிக்கவில்லை.
கெப்சு கவனித்திருப்பார். ஃபிட்டரை அனுப்பி
ரேடியேட்டரைச் சரிசெய்து தந்தார்,
அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கதகதப்பான அறையில் உட்கார்ந்து அவமானப்பட்டேன்.
குளிரில் அவமானப்படுவதைவிட
அது கொஞ்சம் கடினம்.

சனவரியில் வடக்கே கெமியிலிருந்து ஒரு கடிதம்.
காகித ஆலை, கொதிகலன் பிரிவு, ஓனி உல்லக்கோ.
பென்சில் எழுத்து, அழுத்தி எழுதியது:

"உங்கள் நட்சத்திரம் மூடுகிறது.
இரவு ஷிஃப்டில் எல்லோரும் சிரித்தோம்.
காலை பத்து மணிக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.
அட்டையைப் புறம்திருப்பி
சன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.
காகிதம் மெல்லிசு. (நாங்கள் செய்ததல்ல.)
உங்கள் கம்பெனியின் பெயர்
யாருக்கும் புரியாத பாஷையாகிவிட்டது.
சக்கரம் திறக்கிறது.

அப்படியே ஒட்டிவைத்திருக்கிறோம்.
ஏப்ரல் வரை எடுக்கமாட்டோம்,
அந்த இடத்தில் கண்ணாடி விரிசல்விட்டு
காற்று கசிந்துகொண்டிருந்தது."