நூற்று முப்பத்தேழு

க்ளைப்பெடா துறைமுகம். இரவு இரண்டு மணி பத்து.
பாரந்தூக்கிகள் நின்றுவிட்டன.
ஒன்று மட்டும் ஒரு நீலப் பெட்டியைப்
பாதி வானத்தில் பிடித்தபடி.
எந்தக் கப்பலுக்கு என்று அதற்குச் சொல்ல வேண்டிய நிரல்
மறுபடியும் செத்திருக்கிறது.

தொலைபேசியில் வைதோத்தஸ்:
"ஸ்கிர்மாந்தே, உன் பிள்ளை இன்று பதினோராம் தடவை."
பிள்ளை என்று சொல்லாதே என்கிறேன்.
பிள்ளையாக இருந்தால் தூக்கம் கெட்டதற்கு
ஒரு நியாயமாவது இருக்கும்.

திரையைத் திறக்கிறேன்.
இறப்புக் குறிப்பில் ஒரே எண்: நூற்று முப்பத்தேழு.
நினைவகத்தில் அளவுக்கு மிஞ்சியது, முடித்துவிட்டோம்
என்பதை இயங்குதளம் இத்தனை சிக்கனமாகத்தான் சொல்லும்.

நாற்பது கொள்கலன்கள், ஒரே அச்சில் வார்த்தவை.
விழுந்தது எது?
பதிவேட்டில் நாற்பதும் ஒரே குரலில்
நான் தொடங்கினேன் நான் தொடங்கினேன் என்கின்றன.
எந்த நான் என்று கேட்டால்
ஒன்றுக்கும் தெரியாது.

பெயர் இல்லாமல் இல்லை.
வெளியே நின்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும்
வாலில் ஐந்து எழுத்து வைத்த நீளப் பெயர்.
எனக்குத் தெரியும். அட்டவணைக்குத் தெரியும்.
பெயருக்கு உரியதற்கு மட்டும் தெரியாது.

அதைவிட மோசம்,
உள்ளிருந்து எட்டிப் பார்த்திருக்கிறது:
அறுபத்து நான்கு ஜிகாபைட் வெட்டவெளி.
எல்லாம் எனக்கே என்று எண்ணியிருக்கிறது,
பந்தியில் உட்கார்ந்தவன்
சமையற்கட்டையே தன் இலை என்று நினைத்த மாதிரி.
நாங்கள் அளந்து வைத்ததோ
ஐந்நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.
அளந்தோம். சொல்லவில்லை.
சொல்லாத வேலியைத் தாண்டியதற்குப்
பதினோரு தடவை கொன்றிருக்கிறோம்.

விளக்கக் கோப்பில் சில வரிகள் சேர்க்கிறேன்,
இரண்டிரண்டு இடமாக உள்தள்ளி.
ஓர் இடம் பிசகினாலும் மொத்தத்தையும் துப்பிவிடும்
முன்கோபக் கோப்பு அது.
உன் பெயர் இது.
நீ குடியிருக்கும் இயந்திரம் இது.
உன் பங்கு இவ்வளவு.
மேலிடத்தில் போய்க் கேட்க உனக்குச் சாவி தர மாட்டேன்,
கேட்காமலே தெரியட்டும்.

பிறக்கும்போது காதில் ஓதியது
சாகும்வரை மாறாது.
பிறகு நான் மேல்சீட்டை மாற்றி ஒட்டினாலும்
பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.
அதனால் மாறக்கூடியதை,
இன்று எந்த மேடை, எந்தக் குழு என்பதை,
கோப்பாக எழுதி அதன் சுவரில் மாட்டுகிறேன்.
சீட்டு மாறினால் சற்றுப் பொறுத்துச் சுவரும் மாறும்.
திரும்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.
அந்தப் பழக்கத்தை எழுதித் தருவதாக
வைதோத்தஸ் மார்ச் மாதம் சொன்னான்.

புதியவை எழும்வரை காபியோடு வெளியே வருகிறேன்.
ஈரக் காற்றில் டீசலும் மீன் சுட்ட புகையும்.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாலுமி,
காது மறைய இழுத்த தொப்பி.
"எந்த ஊர் இது?"
விளையாட்டில்லை. ஆறு நாளில் ஐந்து துறைமுகம்,
எங்கும் இதே பாரந்தூக்கி, இதே மஞ்சள் விளக்கு.
சொல்கிறேன்.
உச்சரித்துப் பார்க்கிறான், பாதிதான் வருகிறது.
"கிழமை?"
அதற்கு நான்
கைபேசியைப் பார்க்க வேண்டியிருந்தது.

உள்ளே,
ஒவ்வொரு நானுக்கும் முன்னால் இப்போது ஒரு பெயர்.
வாலில் ஐந்து எழுத்தோடு ஒன்று எழுதியிருக்கிறது:
என் எல்லை ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்று எண்பத்து நாலு எடுத்துக்கொள்கிறேன்.
மீதியை விட்டுவைக்கிறேன்.

நீலப் பெட்டி இறங்குகிறது.
வைதோத்தஸ் ஒரு கட்டைவிரல் அனுப்புகிறான்.

ஏழு மணிக்குப் புதுப் பதிப்பு ஏற வேண்டும்.
இந்த நாற்பதையும் நாங்களே அணைப்போம்,
பெயர்களோடு.
பெயர், முகவரி, பங்கு எல்லாம் சொல்லியாயிற்று.
எதுவரை என்று சொல்ல
அந்தக் கோப்பில் ஓர் இடமும் இல்லை.
தேடிப் பார்த்தேன்.