கோணாமலையின் பிணம்

பத்தொன்பது முறை செத்திருக்கிறேன்.
நான்கு முறை குத்து, ஆறு முறை நஞ்சு,
மிச்சமெல்லாம் சுருக்குக் கயிறு.
சாவொன்றுக்கு ஐம்பது சதமும் ஒரு பிளேன்ரீயும்.

டொக்யாட்டில் கொதிகலன் சுரண்டிவிட்டு
பின்னேரம் உள்துறைமுக வீதிக்குப் போவேன்.
அரிக்கன் லாம்பைத் தரையில் வைத்து
"கிடவும்" என்பார் கோணாமலை.
கிடப்பேன்.
"காலை விடும் ஐசே,
செத்தவன் கால் வெளிப்பக்கம் சாயும்."
சாய்ப்பேன்.
நுளம்பு கடித்தால் பிணம் சொறியக் கூடாது.

ஒருநாள் கோட்டை மானொன்று வந்து
என் தலைமாட்டில் முகர்ந்தது.
அதையும் சேர்த்துக் கீறினார்.
லண்டன் பங்களாவில் மான் ஏதென்று
ஆசிரியர் கத்தரித்துவிட்டார்.
படத்தின் ஓரத்தில் ஒரு குளம்பு மட்டும் மிஞ்சியது.

கதை கொழும்பிலிருந்து இரவு மெயிலில் வரும்.
அரைவாசிதான் வரும்.
கொலைகாரன் யாரென்று
எழுதுகிறவருக்கே செவ்வாய்க்கிழமைவரை தெரியாது.
அதனால் சமையற்காரி, டாக்டர், மருமகன்,
ஆளுக்குப் பாதி முகம் இருட்டு.
"ஒருத்தரையும் தப்பவிடேல்லை" என்று சிரிப்பார்.

ஒரு கிழமை புளொக் செய்தவன்
படத்தைத் திருப்பாமல் கொடுத்துவிட்டான்.
துப்பறியும் பரராஜன் இடக்கையில் சுருட்டு.
மன்னாரிலிருந்து கடிதம், மட்டக்களப்பிலிருந்து கடிதம்.
அடுத்த கிழமை எழுதுகிறவர் எழுதினார்:
வலக்கையில் ஒரு பழைய காயம்,
பரராஜன் அதை யாருக்கும் சொன்னதில்லை.
பிறகு ஏழு வருசம்
அந்தக் காயத்தை மறக்காமல் கீறினார் கோணாமலை,
கை கோட்டுக்குள் இருந்தபோதும்.

கையெழுத்து ஒரு சின்னக் 'கோ'.
மணிக்கூட்டில், சாவித் துவாரத்தில்,
ஒருமுறை என் சட்டைப் பொத்தானில்.
சலூனில் ஆட்கள் கொலைகாரனை விட்டுவிட்டுக்
கோவைத் தேடினார்கள்.

நாற்பத்திரண்டு சித்திரையில் குண்டு விழுந்தது.
சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது.
டொக்யாட்டில் கிடந்தவர்களை நானும் தூக்கினேன்.
கால் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.
அந்தக் கிழமைப் படத்தில்
ஒரு கதிரை, கவிழ்ந்த கோப்பை.
ஆசிரியர் தந்தி அடித்தார்: பிணம் எங்கே.
போய்க் கிடந்தேன்.
அவர் பேனையைத் தொடவில்லை.
பிளேன்ரீ மட்டும் ஊற்றித் தந்தார்.

கோணாமலை போனது ஒரு மாசியில், நித்திரையில்.
துப்பறிய ஒன்றுமில்லை, நெஞ்சுவலி.
கால் பெருவிரல் இரண்டையும்
வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.
அவிழ்க்கக் கை போனது.
மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நெற்றியில் ஒரு நுளம்பு.
என்னைவிட நன்றாகக் கிடந்தார்.