அணியம் எது

டெப்ட்ஃபோர்டில் ரயில் பாலத்தின் அடியில் வரிசையாக வளைவுகள்.
பதினொன்றில் நான்: பிரேக், கிளட்ச், ஆண்டுப் பரிசோதனை.
பன்னிரண்டில், போன மார்கழி வரை, ஒரு சோபா வியாபாரி.
அவன் போனதும்
ரமோனா தைமாங்லோ வந்தாள்,
ஒரு லாரி மரத்தோடும்
ஒரு காகிதச் சுருளோடும்.

சுருளை ஏதோ ஒரு ஃபோர்டின் பானெட் மேல் விரித்தாள்.
எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.
நகலுக்கு நாற்பத்தேழு பவுண்டாம்.
எப்போதோ அவள் தீவில் இறங்கிய ஒரு கப்பல் அதிகாரி
பிடித்த படகைப் பிரித்துப் போட்டு
அடி, அங்குலம், அரை அங்குலம் என்று
குனிந்து குனிந்து அளந்திருக்கிறான்.
எல்லாம் இருக்கிறது அதில்,
கட்டியவன் பெயரும்
கயிற்றின் முடிச்சும் தவிர.

"களவுபோன சாமானுக்குச் சரியான பட்டியல்
கள்ளனிடம்தான் இருக்கும்" என்றேன்.
சிரித்தாள். அந்தத் தைரியத்தில்
எங்கள் பொருளும் ஒன்று இங்கே இருக்கிறது என்றேன்:
கட்டுமரம்.
அந்தச் சொல்லைக் கொண்டுவந்து
இரண்டு வயிறு உள்ள பிளாஸ்டிக் படகுக்கு ஒட்டிவிட்டார்கள்.
"உண்மையில் அது என்ன?"
கட்டிய மரம், வேறொன்றுமில்லை.
"ஆணி?"
இல்லை.
"அப்படியென்றால் வா, இதைப் பிடி" என்றாள்.

ஈரப்பலா மரத்தில் செய்ய வேண்டிய சக்மன் அது.
நான் கறியாக மட்டுமே அறிந்த மரம்.
கென்ட்டில் கிடைத்தது லார்ச்;
சீவச் சீவப் பிசின் வாசம்
என் பெட்ரோல் வாசத்தைத் தாண்டி
பதினான்கில் ரொட்டி சுடுபவன்வரை போனது.

முடிச்சுக்கு அவள் மச்சான் பபாவுத்தா,
குவாமிலிருந்து, போனில்.
எங்களுக்கு இரவு ஒன்பது, அவனுக்கு விடிந்து ஏழு;
பின்னால் சேவல்.
கயிற்றைத் திரைக்கு நேரே காட்டி
மேலே, கீழே, திருப்பி, இழு என்றான்.
யாரிடம் கற்றாய் என்று கேட்டேன்.
"யாரிடமும் இல்லை. போன வருஷம் நானாக யோசித்தது.
அறுந்தால் சொல்லு."
இரண்டு முறை அறுந்தது. சொன்னோம்.
மூன்றாவது முடிச்சு பாதி அவனுடையது,
பாதி, எஞ்சின் தூக்கும் சங்கிலிக்கு நான் போடுவது.

புரட்டாசியில் துறைமுகத்து அலுவலர் வந்தார்,
க்ளெக் என்று பெயர், குளிரில் மூக்குச் சிவந்து, ஒரு படிவத்தோடு.
அணியம் எது?
இது, என்றாள். காற்று மாறினால் அது.
படகு திரும்பாது, பாய்தான் இடம் மாறும்;
மிதவைத் தண்டு எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்திருக்கும்.
முன்னால் இருந்தது பின்னால் ஆகிவிடும்,
யாரும் அதற்காக வருந்துவதில்லை.
க்ளெக் பேனாவை மூடினார்.
திறந்தார்.
"இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை.
சட்டம். எது இடம்?"

அன்றிரவு, நொறுங்கி வந்த ஒரு கோர்சாவின்
சிக்னல் நெம்பைக் கழற்றினேன்.
பக்கத்துக்கு இரண்டு பல்பு, ஒரு பழைய பாட்டரி.
மேலே தள்ளினால் ஒரு இடம், கீழே தள்ளினால் மற்ற இடம்.

படிவத்தில் கட்டியவர் பெயருக்கு
இரண்டு விரல் அகலக் கட்டம்.
ரமோனா முதலில் கொஞ்சம் வெற்றிடம் விட்டாள்.
பிறகு தன் பெயர், மச்சான் பெயர்,
பிறகு என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு
என் பெயர், ஓரத்தில் ஏறி நின்றபடி.
க்ளெக் அந்த வெற்றிடத்தை விரலால் தட்டினார்.
"இங்கே?"
ஆள் இருக்கிறது, என்றாள்.

சேற்றுப் படிக்கட்டில் தள்ளி இறக்கியபோது
இருட்டிவிட்டது. ஏற்ற நீர். நாலு பேர் அதில்.
எனக்கு நீச்சல் வராது, கரையில் நின்றேன்.
பாய் விம்மி, தேம்ஸ் நடுவில்
சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது
ஒரு சின்னப் புள்ளி.
நின்றது. பாயைத் தூக்கிக்கொண்டு
யாரோ இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு நடப்பது தெரிந்தது.
பச்சை.

நெம்பு தள்ளும் டிக் சத்தம்
அத்தனை தூரத்தில் கேட்டிருக்க முடியாது.
கேட்டது.