பின்புறம் ஒன்பதடி

கஃப் ரோட்டைப் பார்த்த முகப்பைத் தொடக்கூடாது.
ஓடு, மரச்சன்னல், தூண் தலையில் சுதை மயில்,
எல்லாம் அரசாங்கத்துக்கும் சொந்தம் என்றார் மிஸ் குவெக்.
பின்புறம் மட்டும் ஒன்பதடி நமக்கு.
அதுவும் பழைய கூரையின் நெற்றிக்குக் கீழே
குனிந்துதான் நிற்க வேண்டும்.

லேசர் அளவுகோலின் சிவப்புப் புள்ளி
சுவரில் எறும்பாய் ஊர்ந்தது.
"இந்த வீட்டில் ஒரு மூலைகூடத் தொண்ணூறு பாகை இல்லை."
எனக்குத் தெரியும்.
இருபது வருஷமாக அலமாரிக் காலடியில்
நாலாய் மடித்த டோட்டோ சீட்டு.

பக்கச்சுவர் பாதி நமக்கு,
பாதி காப்பிக்கடை லிம்முக்கு.
அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

முற்றத்தை மூட அனுமதியில்லை.
மழை பெய்தால் பெய்யட்டும் என்று சட்டமே சொல்லிவிட்டதில்
செல்வமணிக்கு ஒரு சிரிப்பு.

பின்சந்துச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
செங்கல் வைத்து அடைத்த சதுரம்:
அந்தக் காலத்தில் மலவாளியை வெளியே இழுத்த வழி.
அங்கேதான் புது அறையின் கதவு வரும்.

"இது என்ன அறை என்று போடுவது?"
பென்சில் காத்திருந்தது.

செல்வமணி என்னைப் பார்த்தார்.
சாங்கியில் இன்னும் பதினான்கு மாதம், அவர் தம்பிக்கு.
வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை,
வா என்று நாங்களும் எழுதவில்லை.

"ஸ்டோர்" என்றார்.

ஸ்டோருக்கு எதற்குச் சன்னல் என்று
மிஸ் குவெக் கேட்கவில்லை.
தனியாய் ஒரு கதவு எதற்கு என்றும்.
அளவை ஒருமுறை பார்த்துவிட்டு
அடுக்களைச் சுவரை அரையடி உள்ளே தள்ளி வரைந்தார்,
ஒரு கட்டில் போடும்படி.