சரிவு இல்லாத இடம்

ஒன்பதாம் நாளாக ஓடுகிறது நிரல்.
ஆடிக் காற்று கணவாய் வழியே வந்து
ஜன்னல் கொக்கியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

நான் தேடுவது ஒரு பள்ளத்தின் அடி.
கிண்ணம்போல வழவழப்பாய் இருந்தால்
சரிவைக் கேட்டுக் கேட்டு இறங்கிவிடலாம்.
இதுவோ மடித்த காகிதம்.
மடிப்பில் நின்று எந்தப் பக்கம் சரிவு என்றால்
இரண்டு விடை வருகிறது,
இரண்டுக்கும் நடுவில் உள்ள அத்தனையும் வருகிறது.
போதாததற்குக் கேட்கிற காதில் இரைச்சல்.

இடம், வலம், வலம், இடம்.
பேராசிரியை ரெஜினாவின் மின்னஞ்சலில் ஒரே வரி:
"எங்கே போய்ச் சேருகிறது?"

டீ குடிக்க இறங்கினேன்.
வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பதினைந்து ரூபாய்,
பத்தடி தாண்டினால் பன்னிரண்டு.
(அது குதிப்பு. என் மடிப்பு அதைவிடச் சாது.)

கோட்டின் மேல் அந்த நாய்.
இங்கே கறுப்பன், அங்கே டிப்பு.
இந்தப் பக்கம் வந்தால்
பரோட்டாக் கடை ஞானசேகர் தண்ணீர் வீசுவான்.
அந்தப் பக்கம் போனால்
லாட்டரி விற்கும் சுபைதாவின் குடை.
இரண்டு விரட்டலும் நேருக்கு நேர் அல்ல,
இரண்டிலும் ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்வு.

சித்திரையில் அது எடைமேடை அருகே கிடந்தது.
வைகாசியில் பஞ்சர் கடை.
இப்போது பாலத்தடி.
யாரும் அதை அங்கே விரட்டவில்லை.
குறுக்கே விழுந்த உதைகள் ஒன்றையொன்று தின்றுவிட
மிச்சம் மட்டும் நடந்திருக்கிறது.

வயதாகிறது, அடி சிறுக்கிறது.
ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால்...
சிறுத்தாலும் கூட்டினால் எல்லையில்லை.
சட்டென்று சிறுத்திருந்தால்
தக்காளி மண்டி வாசலிலேயே உறைந்திருக்கும்.
சிறுக்காமலே இருந்தால் சாகும்வரை ஆட்டம்.

நின்று பார்த்தேன். அது நிற்கவில்லை.
வால் ஒரு மாநிலம், மூக்கு ஒரு மாநிலம்.
ஆனால் அதன் மேல் மொய்க்கிற ஈயைக் கேட்டால் சொல்லும்,
நாளில் இருபது மணி நேரம் இந்தத் தூணோரம்தான் என்று.

மாடியேறி எழுதினேன்:
"எங்கும் போய்ச் சேரவில்லை, மேடம்.
எங்கே நேரத்தைக் கழிக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும்."
எழுதியதும் ஒரு பயம்.
அந்தத் தூணையே சுற்றி வட்டமடித்தால்?
என் பள்ளத்தில் அடிக்காது, மூன்று பக்கம் நிரூபணம் இருக்கிறது.
எல்லாப் பள்ளத்திலும் அடிக்காதென்று
சொல்ல வாய் வரவில்லை. அந்த வரியை அழித்தேன்.

அனுப்புவதற்குள் மின்சாரம் போனது.
இருட்டில் கைபேசி ஒளிர்ந்து
கேரளம் உங்களை வரவேற்கிறது என்றது.
நான் நாற்காலியை விட்டு அசையவே இல்லை.