பாகம் எண் 64

அங்கன்வாடியில் சத்துமாவு கொடுத்து முடித்து
பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான்
நான் தேர்தல் ஆணையம்.
பிளாஸ்டிக் உறைக்குள் பட்டியல்,
முந்தானையில் முடிந்த உப்பு.
கையில் வாக்காளர் அட்டை,
காலில் இன்னொரு அட்டை.
பந்தலூருக்கு மேலே கூவைப்பாறை டிவிசன்,
ஏழு லைன் வீடுகள், ஒரு மாரியம்மன்,
ராத்திரியில் யானைக்கு விட்டுவிடும் பாதை.

ஜெயித்தவர்கள் பெயர் தாலுகா ஆபீசில் இருக்கும்.
என்னிடம் இருப்பது
அடித்த பெயர்கள்.

எழுபத்தேழில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்
முதல் ஓட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் சிலருக்கு
அது முதல் ஓட்டு இல்லை.
நாற்பத்தேழில் பதுளையில் ஒரு தடவை போட்டிருந்தார்கள்.
மறுவருஷம் ஒரு சட்டம் வந்து
அந்த விரலை வாங்கி வைத்துக்கொண்டது.
முப்பது வருஷம் கழித்து
கப்பலேறி, மண்டபம் முகாமில் படுத்தெழுந்து,
விரலைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள்.
மை வைக்கிறவர்
கொழுந்துக் கறை ஏறிய கையைப்
புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம்.
"ஏற்கெனவே போட்டாச்சா?"
"ஆமா சார்," என்றாளாம் காமாயி,
"அங்க."

மூன்றாம் லைன் சுவரில்
இலைக்கு அடியில் சூரியன்,
சூரியனுக்கு அடியில் கை,
அதற்கும் அடியில் ஒரு பசுவின் கொம்பு மட்டும்.
தென்மேற்கு மழை சாய்ந்தடித்தால்
சுண்ணாம்பு கரைந்து
எல்லோரும் ஒரே சமயத்தில் நிற்பார்கள்.
ஜீப் ஒவ்வொரு முறையும் வந்தது.
ரோடு, ஜீப் வருவதற்கு முந்தின நாள் மட்டும்.

எங்கள் தொகுதி மலையோடு நிற்பதில்லை.
மேட்டுப்பாளையம் வழியாக வழிந்து
அவினாசி வெயிலில் போய்க் கிடக்கும்.
நடுவில் ஒரு தடவை, டெல்லியில் யாரோ
ஒரு பக்கம் பிரித்து மறுபக்கம்
ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள்.
தையல் விழுந்த சத்தம்
இங்கே யாருக்கும் கேட்கவில்லை.

யோகேந்திரனை நான்தான் அடித்தேன்.
பனியன் கம்பெனிக்குப் போனவன்.
காரணம்: இடமாற்றம்.
போன ஏப்ரலில் போன் செய்தான்.
"அக்கா, இங்கயும் அதே ஆளுதான்,
அதே போஸ்டர், அதே கும்பிடு.
ஸ்வெட்டர்தான் போடல."
ஐந்து மணி நேரம் பஸ்ஸில் இறங்கியும்
தொகுதியை விட்டு
இறங்க முடியவில்லை அவனுக்கு.

காமாயி ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள் இறந்தாள்.
பட்டியலில் வயது தொண்ணூற்றேழு,
படத்தில் அறுபது.
பெயர் நீக்கும் படிவம் ஏழு
இன்னும் என் உறைக்குள்ளேயே ஈரமாக இருக்கிறது.
பேனா எழுதவில்லை என்று ஒரு நாள்,
மேலாளர் லீவு என்று ஒரு நாள்.

இன்று கேட்டு அனுப்பியிருந்தார்கள்.
பாகம் 64, மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று,
சரிபார்க்கப்பட்டது என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அறுநூற்றுப் பத்துதான்.